பழவேற்காடு ஏரிக்குள்ள ஒரு நாள் சைக்கிள் (வேனை சூலூர்ப்பேட்டையில நிறுத்திட்டு)

நகரி அக்கா:

ரெண்டு வருஷமா இங்க மத்தவங்க எழுதுறதைப் படிச்சிட்டே இருந்தேன். இப்பதான் எழுத ஒரு விஷயம் கிடைச்சிருக்கு. சங்கராந்தி லீவுல தம்பி, தம்பி பொண்டாட்டி, எட்டாவது படிக்கிற என் பையன், நான்னு நாலு பேர் வேனை எடுத்துக்கிட்டு நாலு நாள் சுத்தினோம். நகரியிலேருந்து காளஹஸ்தி, நாயுடுபேட்டை, நேலப்பட்டு, சூலூர்ப்பேட்டை, அப்புறம் தடா, சத்தியவேடு வழியா வீடு. காளஹஸ்தியைப் பத்தி எல்லாருக்கும் தெரியும், கூட்டத்துல நின்னோம், கும்பிட்டோம். நான் எழுத வந்தது மூணாவது நாளைப் பத்தி.

முதல்ல வண்டி. தம்பி செகண்ட் ஹேண்டில் வாங்கின டெம்போ டிராவலர். கடைசி ரெண்டு வரிசை சீட்டைக் கழட்டி, பலகை போட்டு மெத்தை விரிச்சிருக்கான். ஜன்னலுக்கு எங்க ஊர்த் தறியில நெய்ஞ்ச லுங்கித் துணிதான் திரை. அஞ்சு கிலோ சிலிண்டர், ஒத்தை அடுப்பு, ரெண்டு தண்ணி கேன். அவன் அதைக் கேம்பர் வேன்னு சொல்லுவான், அம்மா "நகர்ற சமையல்கட்டு"ன்னு சொல்லுவாங்க. சைக்கிள் மூணும் உள்ளேயே, மெத்தை மேலேயே படுக்க வெச்சோம். தயவுசெய்து யாரும் இப்படிச் செய்யாதீங்க. செயின் கிரீஸ் படுக்கை விரிப்புல கோடு கோடா இறங்கி இன்னும் போகல.

ராத்திரி எங்க நிறுத்துறதுன்னு ஆளாளுக்குப் பயமுறுத்தினாங்க. மார்கழி எங்களைக் காப்பாத்துச்சு. கல்யாணம் கிடையாது, மண்டபமெல்லாம் காலி. சூலூர்ப்பேட்டையில ஒரு மண்டபத்து வாட்ச்மேன்கிட்ட பேசினோம். 300 ரூபாய்க்கு உள்ளே நிறுத்திக்க இடம், குழாய்த் தண்ணி, கக்கூஸ் எல்லாம் கிடைச்சுது. மாப்பிள்ளை வீட்டுக்குன்னு இருக்கிற ரூமைக்கூடத் திறந்துவிடறேன்னார். வேண்டாம்னு சொன்னதுல தம்பி பொண்டாட்டிக்கு இன்னும் வருத்தம்.

விடிகாலை நாலரைக்குக் கோயில் மைக்குல திருப்பாவை. அலாரமே தேவைப்படல. அஞ்சே முக்காலுக்கு நானும் தம்பியும் பையனும் கிளம்பிட்டோம். (தம்பி பொண்டாட்டி வண்டிக்குக் காவல்னு சொல்லிட்டுத் தூங்கிட்டா.) தெரு முழுக்கக் கோலம், கோலத்து நடுவுல கொப்பெம்மான்னு சாணி உருண்டை பிடிச்சு பூ சொருகி வெச்சிருந்தாங்க. கோலத்தை மிதிக்காம சைக்கிள் ஓட்டுறதே பெரிய வேலையாப் போச்சு. முக்குல பால் வாங்கிட்டு நின்ன பெரியவர் ஒருத்தர் எங்களைப் பார்த்துட்டு, "காலி எதுரு கொடுதுந்தி, தொந்தரகா வெள்ளண்டி"ன்னார். தெலுங்கு தெரியாதவங்களுக்காகச் சொல்றேன்: காலின்னா காத்து. எதிர்க்காத்து அடிக்கும், சீக்கிரம் போங்கன்னு அர்த்தம். அது எவ்வளவு சரின்னு ஒரு மணி நேரத்துல தெரிஞ்சுது.

சூலூர்ப்பேட்டையிலேருந்து ஸ்ரீஹரிகோட்டா கேட் வரைக்கும் 17, 18 கிலோமீட்டர். முதல்ல கொஞ்ச தூரம் வயல், இறால் குட்டை. அப்புறம் ஒரு இடத்துல ரெண்டு பக்கமும் நிலம் நின்னு போயிடுது. ரோடு மட்டும் ஏரிக்குள்ள நேரா போகுது. வளைவு இல்ல, மேடு இல்ல. படத்துல பார்த்தா குழந்தைகூட ஓட்டலாம்னு தோணும். ஆனா மார்கழி வாடைக்காத்து இடது தோள்ல வந்து கையை வெச்சுத் தள்ளுது. நிமிர்ந்து உட்கார்ந்தா வண்டி நகர மாட்டேங்குது, குனிஞ்சா முதுகு பிடிக்குது. எனக்குக் கியர் இல்லாத லேடீஸ் சைக்கிள், முன்னாடி கூடை வேற. அந்தக் கூடையில வெச்ச துண்டு காத்துல உப்பி பாய்மரம் மாதிரி ஆயிடுச்சு. தம்பி சொன்னான், "இந்த ரோட்டுல காத்துதான்க்கா மலை."

பாதி வழியில அட்டகானிதிப்பான்னு ஒரு ஊர். அதுக்கு முன்னாடியே வடக்குப் பக்கம் வெள்ளை வெள்ளையா ஒரு கோடு தெரிஞ்சுது. பையன் உப்புன்னு நினைச்சான். கிட்டப் போகப் போக அந்தக் கோட்டுக்குக் கால் முளைச்சுது. எல்லாம் பூநாரை (ஃபிளமிங்கோ). எத்தனைன்னு எண்ணப் பார்த்து, 200 தாண்டினதும் விட்டுட்டேன்.

"ரோஸ் கலர் எங்கம்மா?"ன்னு பையன் ஏமாந்து போயிட்டான். நிக்கும்போது அது பெரும்பாலும் வெள்ளைதான். இளங்குஞ்சுங்க அழுக்குச் சாம்பல் நிறம். தலையைக் கவுத்து மூக்கைத் தலைகீழா சேத்துக்குள்ள விட்டு அரிச்சுக்கிட்டே இருக்கு. எங்ககிட்ட இருந்த பழைய பைனாகுலர்ல ஒண்ணை மட்டும் கால் மணி நேரம் பார்த்தேன். ஒரே இடத்துல நின்னு ரெண்டு காலாலயும் களிமண்ணை மாத்தி மாத்தி மிதிக்குது. சேறு கலங்குது, உடனே மூக்கை விட்டு அரிக்குது. பொங்கலுக்கு மண் குழைக்கிறவர் கால் மாதிரியே. அப்படியே மெதுவா வட்டமா சுத்திச் சுத்தி வருது. அப்புறம் எதுக்கோ பயந்து ஒரு கூட்டம் கிளம்பிச்சு. தண்ணி மேல நாலு தப்படி ஓடிட்டு எழும்பினதும் றெக்கைக்கு அடியில சிவப்பும் கருப்பும் ஒரே சமயத்துல விரிஞ்சுது. பையன் வாயைத் திறந்தவன் மூடல.

கேட்டுக்கு ரெண்டு கிலோமீட்டர் முன்னாடியே திரும்பிட்டோம். அங்க போலீஸ், செக்போஸ்ட் எல்லாம் இருக்கு, நமக்கு அங்க வேலையில்ல. திரும்பும்போது அதே காத்து முதுகுல. பெடலை மிதிக்கவே வேண்டாம். போகும்போது ஒண்ணேகால் மணி நேரத்துக்கு மேல ஆன தூரம் நாப்பத்தஞ்சு நிமிஷத்துல முடிய வேண்டியது.

முடியல. பஞ்சர். அதைத் தனியா எழுதுறேன், அடுப்புல பால் வெச்சிருக்கேன்.

தடாக்காரன்:

அக்கா, நம்ம ஊர்ப் பக்கம் வந்துட்டு ஒரு வார்த்தை சொல்லலையே!

ஒரு திருத்தம், ஒரு சேர்க்கை. நீங்க "ஏரி"ன்னு ஒண்ணா எழுதியிருக்கீங்க. எங்களுக்கு அந்த ரோடுதான் கணக்கு. ரோட்டுக்கு வடக்கே ஒரு ஏரி, தெற்கே வேற ஏரி. கீழே அங்கங்க மதகு இருக்கு, ஆனா தண்ணி முன்ன மாதிரி தாராளமா போய் வர்றதில்ல. கோடையில போய்ப் பாருங்க. வடக்குப் பக்கம் வெடிச்ச களிமண்ணா கிடக்கும், அதுல பசங்க கிரிக்கெட் ஆடுவாங்க. தெற்குல தண்ணி நிக்கும். பறவை வடக்குல அதிகம் நின்னதுக்கும் ஆழம் குறைவுதான் காரணம். முழங்கால் தண்ணியில்லாம பூநாரைக்கு மேய்ச்சல் இல்ல.

இன்னொண்ணு, தெலுங்குல எங்க ஆளுங்க இதைப் பிரளயகாவேரின்னு சொல்வாங்க. பழவேற்காடுன்னா அது தெற்குக் கோடியில இருக்கிற ஊர் மட்டும்தான். எங்க வீட்டுல தமிழ், தெருவுல தெலுங்கு. அதனால எனக்கு ஒரே ஏரிக்கு ரெண்டு பேர்.

பொன்னேரி வாத்தியார்:

அழகா எழுதியிருக்கீங்கம்மா. தடாத் தம்பி சொன்னதோட சேர்த்து: இந்தியாவுல உவர்நீர் ஏரின்னு எடுத்தா ஒடிசாவுல இருக்கிற சிலிகாவுக்கு அடுத்த பெருசு இதுதான். தெற்குக் கோடி மட்டும் தமிழ்நாட்டுல, மிச்சமெல்லாம் ஆந்திரா. தெற்கே ஆரணி ஆறு, சூலூர்ப்பேட்டைப் பக்கம் காளங்கி, வடக்கே சொர்ணமுகி. நீங்க காளஹஸ்தியில பார்த்த அதே சொர்ணமுகிதான். அந்தத் தண்ணிக்கு முன்னாடியே நீங்க ஏரிக்கு வந்து சேர்ந்துட்டீங்க போல.

அடுத்த தடவை பழவேற்காட்டையும் சேர்த்துக்கோங்க. 1613ல டச்சுக்காரங்க கட்டின கெல்ட்ரியா கோட்டை இப்ப புதர் மூடின மேடுதான், அதுக்காகப் போக வேண்டாம். கல்லறைத் தோட்டத்துக்காகப் போங்க. வாசல்லயே எலும்புக்கூடு செதுக்கின கல் ரெண்டு பக்கமும் நிக்கும். எட்டாவது படிக்கிற பையனுக்கு அதுபோதும்.

சைக்கிள் அம்பத்தூர்:

அருமையான பதிவு அக்கா. ஒரு கேள்வி. ஏரியை முழுசா ஒரு சுத்து சுத்தி வர முடியுமா? ரெண்டு நாள்ல முடிக்கிற மாதிரி ஒரு ரூட் போட்டுட்டு இருக்கேன். என் பிரெண்டு ஜெர்மனியில இருக்கான், அங்க போடன்சேன்னு ஒரு ஏரி. ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிஸ் மூணு நாட்டு வழியா சுத்திவர 260 கிலோமீட்டருக்குப் பக்கம் சைக்கிள் பாதையே இருக்காம். கேரவனைக் கரையில போட்டுட்டு ஜனங்க சுத்துறாங்க. நமக்கு ரெண்டே மாநிலம்தானே?

தடாக்காரன்:

> ஏரியை முழுசா ஒரு சுத்து சுத்தி வர முடியுமா?

முடியாது தம்பி. கிழக்குக் கரை முழுக்க ஸ்ரீஹரிகோட்டா தீவு. அங்க சுத்தணும்னா ராக்கெட்ல ஏறித்தான் சுத்தணும்.

விளையாட்டு இல்ல. சூலூர்ப்பேட்டை ரோடு கேட்டோட முடியுது, அதுக்கு மேல பாஸ் இருக்கிறவங்க மட்டும்தான். பழவேற்காடு போகணும்னா திரும்ப ஹைவே ஏறி, ஆரம்பாக்கம், கும்மிடிப்பூண்டி, பொன்னேரின்னு நிலத்து வழியா சுத்திட்டுத்தான் வரணும். அந்த ஹைவேல சைக்கிள் ஓட்டுறது எனக்கே பிடிக்காது. லாரி ஒவ்வொண்ணும் போகும்போது சட்டையை உருவிட்டுப் போகும்.

இது உள்ள போய்ட்டுத் திரும்புற ஏரி. சுத்துறதுக்கு வேற ஏரி பாருங்க.

கலங்கரை:

வேனே எதுக்குங்க? சென்ட்ரல்லேருந்து சூலூர்ப்பேட்டைக்கு லோக்கல் ரயில் இருக்கு. நான் மடக்குற சைக்கிளோட வெண்டார் பெட்டியில போய் இறங்கி, இதே ரோட்டுல போயிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருக்கேன். டீசல், டோல், மண்டபம், கறை விரிப்புன்னு எவ்வளவு செலவு! கேம்பர் வேன்ங்கிறது யூடியூப் பார்த்து வர்ற ஆசை.

நகரி அக்கா:

கலங்கரை சார், நகரியிலேருந்து உங்க லோக்கல் ரயில் கிடையாது. 😊 சென்னையில இருக்கிறவங்களுக்கு நீங்க சொல்றது சரி, ஒத்துக்கறேன். ஆனா காலையில அஞ்சே முக்காலுக்கு ஏரி ரோட்டுல இருக்கணும்னா முந்தின ராத்திரி அங்க தூங்கியிருக்கணும். வேன் எனக்கு வண்டி இல்ல, படுக்கை. லாட்ஜுல மூணு சைக்கிளை எந்த மாடிக்குத் தூக்குறது?

சரி, பஞ்சர் கதை.

அட்டகானிதிப்பா தாண்டித் திரும்பி வரும்போது என் பின்சக்கரம். ஓரமா நிறுத்தின இடத்துல சீமைக்கருவேலம். எங்க பக்கம் சர்க்கார் தும்மான்னு சொல்வோம். அந்த முள்ளு காய்ஞ்சுதுன்னா ஆணி. தம்பிகிட்ட பேட்ச், சொல்யூஷன், பம்ப் எல்லாம் இருந்துது, ஆனா கழட்ட ஸ்பேனர் வேன்ல. மூணு கிலோமீட்டர் தள்ளிட்டு வந்தோம். ஒரு மீன்வண்டிக்காரர் நிறுத்தி, ஐஸ் பெட்டிக்கு மேல சைக்கிளைப் போட்டு, என்னையும் முன்னாடி உட்கார வெச்சு சூலூர்ப்பேட்டை பஞ்சர் கடையில இறக்கிவிட்டார். காசு வாங்கல.

கடைக்காரர் டியூபை உருவி, காத்து அடிச்சு, பேசின்ல முக்கி முக்கிப் பார்த்தார். ஒரு இடத்துல கடுகு கடுகா முட்டை விட்டுது. தேய்ச்சு, ஒட்டி, தட்டி, மாட்டி 40 ரூபாய். நூறு அடி போனேன், திரும்பவும் உஸ். அவர் சலிச்சுக்கவே இல்ல. "தப்பு நாதேம்மா" (தப்பு என்னோடதும்மா)ன்னு சொல்லிட்டு டயருக்கு உள்பக்கம் விரலை விட்டு மெதுவா ஒரு சுத்து தடவினார். நிறுத்தினார். நகவெட்டியில பிடிச்சு இழுத்து உள்ளங்கையில வெச்சுக் காட்டினார். அரை அங்குல முள்ளு, வெளியே முனைகூடத் தெரியாம டயருக்குள்ளேயே ஒடிஞ்சு உட்கார்ந்திருந்துச்சு. ரெண்டாவது தடவைக்குக் காசு வாங்கல. பையன் அந்த முள்ளைத் தீப்பெட்டியில போட்டு வெச்சிருக்கான்.

ரெண்டுசக்கரம்:

பஞ்சர் ஒட்டுற எல்லாரும் படிக்க வேண்டிய பாரா அது. டயர் உள்ளே தடவாம டியூபை மாட்டவே கூடாது. துணியால தடவினா இன்னும் நல்லது, நூல் சிக்கும், விரல் கிழியாது.

ஒண்ணு சேர்க்கிறேன். உவர்க்காத்துல ஓட்டிட்டு வந்த சைக்கிளை அன்னிக்கே நல்ல தண்ணியில கழுவித் துடைச்சு, செயினுக்கு எண்ணெய் விடுங்க. நான் ஒரு தடவை அப்படியே வெச்சிட்டேன். ஒரே வாரத்துல செயின் காபிப்பொடி கலர் ஆகி, ஒவ்வொரு கண்ணியும் தனித்தனியா முறுக்கிக்கிட்டு நின்னுது. அழுத்தமாத் தண்ணி அடிக்காதீங்க, பேரிங்குக்குள்ள போயிடும். ஒரு மக்குல மேலேருந்து ஊத்தினா போதும்.

அகரம் ஆர்டிஓ:

(பேரைப் பார்த்துப் பயப்படாதீங்க, ஆபீஸ்ல இருந்து ரிட்டயர் ஆனவன்.) அக்கா, சீட்டைக் கழட்டிப் பலகை போட்டதா எழுதியிருக்கீங்க. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, ஆர்.சி.யில இருக்கிற மாதிரிதான் வண்டி இருக்கணும்னு சொல்லுது. சீட் எண்ணிக்கையை மாத்தினா முன் அனுமதி வாங்கணும். செக்கிங்ல ஃபைன் போனா பரவாயில்ல. விபத்துன்னு ஒண்ணு ஆயிட்டா இன்சூரன்ஸ்காரன் முதல்ல பார்க்கிறது இதைத்தான். தம்பியை ஆபீசுக்குப் போய் ஒரு மனு கொடுக்கச் சொல்லுங்க. சிலிண்டர் உள்ளே இருக்கும்போது எல்லா ஜன்னலையும் சாத்திட்டுத் தூங்காதீங்க, அதை இன்னும் அழுத்திச் சொல்றேன்.

சென்னையிலேருந்து வாடகைக் கேரவன்ல வர்றவங்களுக்கு: மஞ்சள் போர்டுன்னா அகில இந்திய டூரிஸ்ட் பர்மிட் இருக்கான்னு வண்டி விடுறவர்கிட்ட பார்த்து வாங்கிட்டுக் கிளம்புங்க. 2023 மே மாசத்துலேருந்து புது விதி. தடா செக்போஸ்ட்ல வந்து நின்னுக்கிட்டு போன் பண்ணாதீங்க.

நகரி அக்கா:

நன்றி சார். தம்பிகிட்ட காட்டினேன். முகம் சுருங்கிப் போச்சு. திங்கட்கிழமை போறேன்னு சொல்லியிருக்கான். சிலிண்டரை ராத்திரி வெளியேதான் வெச்சோம், அதுக்குக் காரணம் அம்மாவோட மிரட்டல்.

பாலக்காட்டு மாமி:

நகரி, உன் எழுத்தைப் படிச்சப்புறம் எங்க வீட்டுல ரெண்டு நாளா சைக்கிள் பேச்சுதான். எங்க பக்கம் மலம்புழா அணை ஓரமா கவா வரைக்கும் காலம்பற ஓட்டறதுக்கு ஒரு ரோடு இருக்கு. ஒரு பக்கம் தண்ணி, எதிர்ல மலை, காத்தும் கிடையாது. ஆனா அங்க காத்துக்குப் பதிலா யானை. போன வருஷம் எங்காத்துப் பிள்ளைகள் போயிட்டு, ரோட்டுல சூடா விட்டை கிடக்கறதைப் பார்த்துட்டு சைக்கிளைத் திருப்பினவா, வீட்டுக்கு வந்துதான் மூச்சு விட்டா. உன் முள்ளு எவ்வளவோ தேவலை.

கேரவனுக்குக் கேரளத்துல 2021லேயே தனிக் கொள்கை போட்டு, 2022ல வாகமண்ல முதல் கேரவன் பார்க் திறந்தா. மின்சாரம், தண்ணி, கழிவு இறக்க இடம் எல்லாம் ஒரே இடத்துல. வாடகையைக் கேட்டா கேரவனை வாங்கறதே லாபம்னு தோணறது. உன் 300 ரூபாய் மண்டபம்தான் எனக்குப் பிடிச்சிருக்கு. மார்கழியில எத்தனை மண்டபம் பூட்டிக் கிடக்கறது, யாருக்குமே இது தோணலையே!

ஒரு விஷயம் வெட்கப்படாம கேக்கறேன். அந்த ரோட்டுல பொம்மனாட்டிகளுக்கு ஒதுங்க இடம் உண்டா?

நகரி அக்கா:

மாமி, இதை யாருமே கேட்கலையேன்னு பார்த்துட்டிருந்தேன். இல்ல. ரெண்டு பக்கமும் வெட்டவெளி. மண்டபத்துலேயே போயிட்டு, தண்ணியை அளந்து குடிச்சிட்டுத்தான் கிளம்பினேன். மூணு மணி நேரத்துல திரும்பிட்டதால தப்பிச்சேன். சர்க்கரை இருக்கிறவங்க, வயசானவங்க வந்தா வேனும் பின்னாடியே வரணும். நான் "வேனை ஊர்லயே விடுங்க"ன்னு சொல்றது என்னை மாதிரி ஆளுங்களுக்கு மட்டும்.

கேமராக்கண்:

நானும் போன ஞாயித்துக்கிழமை போயிருந்தேன். உங்க அளவுக்கு அதிர்ஷ்டம் இல்ல. செங்கால் நாரை எல்லாம் ரொம்ப தூரத்துல நின்னுது. களிமண்ல இறங்கி 200 மீட்டர் நடந்து போனோம், அதுக்குள்ள பறந்துட்டுது. ட்ரோன் இருந்திருந்தா கிடைச்சிருக்கும். யாராவது அனுபவம்?

பொன்னேரி வாத்தியார்:

தம்பி, மூணு தப்பு.

செங்கால் நாரை வேற, பூநாரை வேற. நீங்க பார்த்தது பூநாரை.

பறந்துட்டுதுன்னு நீங்க சொல்றீங்க. பறக்க விட்டது நீங்க. அது ஆயிரக்கணக்கான தடவை மூக்கை விட்டு அரிச்சுச் சேர்க்கிற தீனியை ஒரு ஓட்டத்துல செலவழிச்சிடும். ரெண்டு மாநிலத்துப் பக்கமும் சரணாலயம், ரோட்டை விட்டு இறங்கக் கூடாது.

ராக்கெட் தளத்துக்குப் பக்கத்துல ட்ரோனா? போட்டோவுக்குப் பதிலா உங்களைத்தான் படம் எடுப்பாங்க, ஸ்டேஷன்ல.

சைக்கிள் அம்பத்தூர்:

கேமராக்கண் ப்ரோ, கோவிச்சுக்காதீங்க, வாத்தியார் எங்களையும் இப்படித்தான் வளர்த்தார். ஒரு டிப்ஸ்: சைக்கிள்ல மெதுவா போனா பறவை அவ்வளவா பதறாது, நிறுத்தி இறங்கினாதான் கழுத்தைத் தூக்கும். காலையில வடக்குப் பக்கம் பாருங்க. இந்த மாசத்துல சூரியன் தென்கிழக்குல எழும்புறதால அந்தப் பக்கப் பறவை மேல வெளிச்சம் விழும். தெற்குப் பக்கம் எடுத்தா எல்லாம் கருப்பு நிழல்தான்.

கேமராக்கண்:

சரி வாத்தியாரே, தப்புதான். படங்களை அழிக்கல, ஆனா போடவும் போறதில்ல.

ரயிலடி நெல்லூர்:

ஒரு எச்சரிக்கை எல்லாரும் குறிச்சுக்கோங்க. ஏழு மணிக்கு மேல அந்த ரோட்டுல ஸ்ரீஹரிகோட்டா வேலைக்குப் போற பஸ் வரிசையா வரும். நேர் ரோடு, வேகமா வருவாங்க. பின்னாடி சிவப்பு லைட்டு போட்டுக்கோங்க, ரெண்டு பேர் பக்கத்துல பக்கத்துல பேசிட்டுப் போகாதீங்க. ராக்கெட் விடுற நாள்ல சைக்கிள் ஆசையே வேண்டாம், ரோட்டுல கெடுபிடி அதிகம். ராக்கெட் பார்க்கணும்னா 2019ல திறந்த கேலரி இருக்கு, முன்கூட்டியே ஆன்லைன்ல பதிவு பண்ணிட்டுப் போகணும். அது வேற பயணம்.

தடாக்காரன்:

எங்க அப்பா 1979 ஆகஸ்ட் 10 கதையைச் சொல்வார். எஸ்.எல்.வி.3 முதல் தடவை கிளம்பி வங்கக்கடல்ல விழுந்த நாள். ஏரியில வலையோட நின்ன எங்க ஆளுங்களுக்கு அது போச்சா வந்துச்சான்னே தெரியாது, சத்தம் மட்டும்தான். மறுவருஷம் ஜூலை 18 அது சரியாப் போனப்போ, "இந்தத் தடவை சத்தம் நேரா போச்சு"ன்னு தாத்தா சொன்னாராம்.

அப்புறம், பறவையையும் ராக்கெட்டையும் பார்க்கிற எல்லாரும் தண்ணிக்குள்ள குச்சி நட்டிருக்கிறதைப் பார்க்காம போயிடுறாங்க. அது வலை கட்டுற கம்பு.

பொன்னேரி வாத்தியார்:

நல்லா எடுத்துக் கொடுத்தே. எங்க பழவேற்காட்டுப் பக்கம் இதுக்குப் "பாடு"ன்னு பேர். இன்னிக்கு இந்த இடத்துல யார் வலை போடுறதுன்னு சீட்டுக் குலுக்கி முறை வெச்சுப் பிரிச்சுக்குவாங்க. நல்ல இடம் இன்னிக்கு உனக்குன்னா நாளைக்கு இன்னொருத்தருக்கு. சர்க்கார் போட்ட சட்டமில்ல, மீனவக் கிராமங்களோட பழைய ஏற்பாடு. பாடு இல்லாத இருளர் பெண்கள் இடுப்பளவு தண்ணியில உட்கார்ந்து கையால தடவியே இறால் பிடிப்பாங்க. படகுல போனீங்கன்னா அந்தப் பக்கம் தண்ணியை விசிறியடிச்சிட்டு வேகமா போகாதீங்கன்னு படகுக்காரர்கிட்ட சொல்லுங்க.

ரெண்டுசக்கரம்:

சாப்பாட்டைப் பத்தி யாருமே எழுதலையே?

நகரி அக்கா:

காலையில வேன்லயே உப்புமா, பஞ்சர் ஒட்டிட்டு வந்து நின்ன பசிக்கு அது அமிர்தம். மதியம் ஊருக்குள்ள ஒரு மெஸ்ஸுல மீன் புலுசு, கோங்குரா. பேர் சொல்ல மாட்டேன், காரம் தாங்காம பையன் அழுதுட்டான்.

பெரிய தப்பு என்ன செஞ்சோம்னா, திரும்பும்போது தம்பி பொண்டாட்டி சந்தையில ரெண்டு கிலோ கருவாடு வாங்கிட்டா. நெத்திலி, கொஞ்சம் வாளை. மூணு பாலிதீன் கவர் போட்டுக் கட்டி, ஸ்டீல் டப்பாவுல வெச்சு, மெத்தைக்கு அடியில தள்ளினோம். ஒரு ராத்திரிதான். மறுநாள் வேன் முழுக்க, மெத்தை, திரை, பையனோட ஸ்கூல் பை, எல்லாம் கருவாடு. சைக்கிள் சீட்டுகூட.

அதனாலதான் தடாவுல பீமுனிவாரிபாலெம் படகுத்துறைக்குப் போறதா இருந்தோம், போகல. ஜன்னலைத் திறந்து போட்டுக்கிட்டு நேரா வீட்டுக்கு.

தடாக்காரன்:

கவர்ல கட்டினீங்க பாருங்க, அதான். கருவாட்டுக்கு மூச்சு வேணும். வெயில்ல இன்னொரு தடவை காய வெச்சு, பேப்பர்ல சுத்தி, சாக்குப் பையில போட்டு வண்டி மேல கட்டணும். சைக்கிளை உள்ளே போட்டு கருவாட்டையும் உள்ளே வெச்சா எப்படிக்கா? ஏதாவது ஒண்ணாவது மேலே போகணும்ல?

சைக்கிள் அம்பத்தூர்:

சுத்துற பிளானை விட்டுட்டேன். வர்ற சனிக்கிழமை நாங்க அஞ்சு பேர் வாடகைக் கேரவன்ல வர்றோம், உள்ளே போய்ட்டுத் திரும்புறதுதான். அக்கா, அந்த மண்டபம் எந்தப் பக்கம்னு தனிச்செய்தியில சொல்ல முடியுமா?

நகரி அக்கா:

சொல்றேன், ஆனா பிரயோஜனம் இல்ல தம்பி. தை பிறந்தாச்சு. நேத்துதான் வாட்ச்மேனுக்கு போன் பண்ணேன். மாசக் கடைசி வரைக்கும் முகூர்த்தம் புக்காயிடுச்சாம். "வேன் நிறுத்த இடமில்ல, வேணும்னா கல்யாணத்துக்கு வாங்க"ன்னு சொல்றார். ஹைவேல லேடீஸ் டாய்லெட் சுத்தமா இருக்கிற பங்க்கா பார்த்து, டீசல் போட்டுட்டுக் கேளுங்க. ஸ்பேனரை மறக்காதீங்க.

தடாக்காரன்:

இல்லைன்னா எங்க வீட்டு வாசல்ல நிறுத்திக்கோங்க. அஞ்சு பேருக்கும் இட்லி உண்டு. தடாவுலேருந்து காலையில வேனை சூலூர்ப்பேட்டைக்கு ஓட்டிட்டுப் போகணும், அவ்வளவுதான். நாலரைக்கு நானே எழுப்பிவிடுறேன், தையில திருப்பாவை மைக் கிடையாது.

பாலக்காட்டு மாமி:

நகரி, கருவாட்டு வாசனை போச்சோ?

நகரி அக்கா:

இல்ல மாமி. தம்பி நேத்து ஆர்டிஓ ஆபீசுக்கு அந்த வேன்லதான் போனான். இன்ஸ்பெக்டர் உள்ளே ஏறிப் பார்க்கணும்னு சொல்லி ஏறினாராம், உடனே இறங்கிட்டாராம். மனுவை வாங்கிக்கிட்டார், அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கார்.